நின்ற வண்டியும் நிறுத்திய வண்டியும்

பாயிரம்

ஓடும் வண்டிக்குக் கையேடு உண்டு. வாங்கும்போதே கையில் தருகிறார்கள். நிற்கும் வண்டிக்கு அப்படி எதுவும் தரப்படுவதில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் தன் வாழ்நாளில் ஓடிய நேரத்தை ஒருபுறமும் நின்ற நேரத்தை மறுபுறமும் எழுதிக் கூட்டினால், நன்றாக ஓடிய வண்டிக்கும் நின்ற நேரமே பன்மடங்காக வரும். குறைவாகச் செய்யும் தொழிலுக்கு இலக்கணம் நிறைந்தும், மிகுதியாகச் செய்யும் தொழிலுக்கு இலக்கணம் இன்றியும் இருப்பது முறையன்று. அக்குறையை ஓரளவு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் 350. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, மெட்ராஸ் மோட்டார்ஸின் கூட்டோடு 1955இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா வழியாகத் திருவொற்றியூரில் குடியேறிய வண்டி இது. முதலில் உதிரிகளாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டது. பிறகு முழுவதும் இங்கேயே செய்யப்பட்டது. சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இவ்வண்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே. வேறு வண்டிகள் நின்றால் விற்கப்படுகின்றன. புல்லட் நின்றால் வைக்கப்படுகிறது. ஆகவே நிற்றலைப் பற்றிய சான்றுகள் இதனிடமே மிகுதி.

நிற்றல் இயல்

நிற்றல் நான்கு வகைப்படும். வகையை அறிய வண்டியைப் பார்க்க வேண்டியதில்லை; உடையவர் பயன்படுத்தும் துணைவினையைக் கேட்டாலே போதும்.

"நின்னு போச்சு" என்பது முதல் வகை. 'போ' என்னும் துணைவினை இழப்பைக் காட்டும். இவ்வண்டிக்குள் துருவை விட மூத்த ஒரு பழுது இருக்கிறது. கண்டன்சர் செத்திருக்கலாம், மாக்னெட் காயில் எரிந்திருக்கலாம், பெரிய பேரிங் தேய்ந்திருக்கலாம். அதை முதலில் கண்டுபிடிக்காமல் பெயின்ட் அடித்தவர்களின் வண்டிகள், பளபளப்பாக அதே இடத்தில் மீண்டும் நின்றன.

"நிறுத்திட்டாரு" என்பது இரண்டாம் வகை. 'விடு' என்பது முடிவைக் காட்டும். இங்கே பழுது வண்டியில் இல்லை. உதைத்த முழங்காலில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும் ஸ்கூட்டர் ஒன்று அதே வாரத்தில் வாங்கப்பட்டிருக்கும். எண்ணெய், ரப்பர், பேட்டரி என்னும் மூன்றையும் மாற்றினால் பெரும்பாலும் இவ்வகை எழுந்துவிடும்.

"நிறுத்தி வெச்சிருக்கோம்" என்பது மூன்றாம் வகை. 'வை' என்பது பிற்பயன் கருதிய செயலைக் காட்டும். இதன் ஆர்.சி. புத்தகம் மஞ்சள் பையில் பத்திரமாக இருக்கும். சாவி தொங்கும் ஆணி வீட்டில் அனைவருக்கும் தெரியும். ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று வண்டியைக் குளிப்பாட்டி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வண்டி உருளாததால் பழம் அங்கேயே உலரும். மட்கார்டின் மடிப்பில் தங்கிய தண்ணீர் அடுத்த பூஜை வரை தன் வேலையைச் செய்யும். காகிதங்கள் மிகச் சிறந்த நிலையிலும் மட்கார்டு மிக மோசமான நிலையிலும் இருப்பது இவ்வகையின் தனி இலக்கணம்.

"நின்னுக்கிட்டு இருக்கு" என்பது நான்காம் வகை. இதற்கு எழுவாய் வண்டியே. நிறுத்தியவர் எவரும் இல்லை. ஒருவரும் முடிவெடுக்காமலே நிகழ்ந்த நிற்றல் இது. எண்ணிக்கையில் மற்ற மூன்றையும் விட மிகுதியானது. பழுது இன்னதென்று முன்னரே சொல்ல இயலாதது.

காலத்தை அறிவது அடுத்த படி. கடைசியாக எப்போது ஓடியது என்ற கேள்விக்கு இருவகை விடை வரும். "பத்து வருஷம் இருக்கும்" என்பது எண்விடை. "பெரியவ கல்யாணத்துக்கு முன்னாடி" என்பது நிகழ்ச்சிவிடை. எண்விடை ஐந்தின் மடங்குகளிலேயே அமைவதால் நம்பத்தக்கதன்று. நிகழ்ச்சிவிடையைக் கல்யாணப் பத்திரிகை கொண்டு சரிபார்க்கலாம்.

இடம் மூன்று: கூரைக்குள், கூரையோரம், வெட்டவெளி. இவற்றுள் வெட்டவெளியே தீயது என்று கருதுவது இயல்பு. கூரையோரத்துக்கோ தனித் தீமை உண்டு. ஓட்டிலிருந்து சொட்டும் மழைநீர் ஒரே கோட்டில் விழுவதால், வண்டியின் ஒரு பக்கம் கெட்டு மறுபக்கம் நன்றாக இருக்கும். நல்ல பக்கத்தைப் பார்த்து விலை பேசியவர் பலர். போர்வையிலும் தரவேறுபாடு உண்டு. பழைய பருத்திப் புடவை ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே வைத்து வேகவைக்கும்.

நிற்கும் வண்டி சுமப்பதை நிறுத்துவதில்லை என்பதும் குறிக்கத்தக்கது. மனிதரைச் சுமந்த இருக்கை, முதலில் மடித்த சாக்கையும், பிறகு பெயின்ட் டப்பாவையும், பிறகு கொலுப்படிப் பலகைகளையும் சுமக்கிறது. இவற்றுள் மூன்றாவது வந்து சேர்ந்த பின் மீட்பு வேலையை நவராத்திரிக்கு முந்தைய நாளில் மட்டுமே தொடங்க இயலும்.

துரு இயல்

துரு மூவகை: படிதுரு, பற்றுதுரு, தின்துரு. கட்டைவிரலால் தேய்க்க வருவது படிதுரு. விரலுக்கு வராமல் உப்புத்தாளுக்கு வருவது பற்றுதுரு. திருப்புளியின் முனையை வைத்து அழுத்த, முனை மறுபக்கம் தெரிவது தின்துரு. சோதிக்கும் வரிசையை மாற்றுதல் கூடாது. திருப்புளியிலிருந்து தொடங்கியவர்கள் துருவின் வகையைத் தாமே உயர்த்தியிருக்கிறார்கள்.

இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் கூடினால் துரு. தான் தின்ற இரும்பை விடத் துரு பல மடங்கு இடத்தை அடைக்கும். நட்டு இறுகுவதற்கும், பிரேக் டிரம்மில் ஷூ கவ்விக்கொள்வதற்கும், பிஸ்டன் ஜாம் ஆவதற்கும் இந்த ஒரு காரணமே பொது.

மேற்கூறிய மூவகைத் துருவோடு நான்காவதாகப் போலித்துரு என்று ஒன்றையும் சேர்க்க வேண்டும். புல்லட்டின் எஞ்சின் மூட்டுகளில் கசிந்த எண்ணெய் தெருப்புழுதியோடு கலந்து, விரல் கனத்துக்குக் கறுத்துப் பற்றியிருப்பது இது. காண்பவர் இதைக் கேடு என்பர். இதைக் கரண்டியால் வழித்து மண்ணெண்ணெயில் துடைத்தால், அடியில் உலோகம் ஆலையிலிருந்து வந்த நாளின் நிறத்தில் இருக்கும். ஆகவே ஒழுகாத வண்டியை விட ஒழுகிய வண்டி எஞ்சின் அடிப்பாகத்தில் நெடுங்காலம் பிழைக்கிறது. ஒழுகல் என்பது ஓடும் காலத்தில் குறை, நிற்கும் காலத்தில் காப்பு.

பெட்ரோல் டேங்கின் துரு தனியே ஆராயத்தக்கது. நிறைந்த டேங்க்கில் காற்றுக்கு இடமில்லை. பாதி நிறைந்த டேங்க்கில், இரவில் குளிர்ந்த சுவரில் ஈரம் வியர்த்து, பெட்ரோலை விடக் கனமான தண்ணீர் அடியில் போய்த் தங்கும். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் குணமுடையது. பழைய ரப்பர் வாஷர்களோடும் ஒத்துப்போகாதது. ஆவியானது போக எஞ்சிய பெட்ரோல் பிசினாகிக் கார்பரேட்டரின் ஜெட் துளைகளை அடைக்கும். அப்பிசினின் நாற்றம் பழைய வார்னிஷுக்கு நிகரானது. ஒருமுறை முகர்ந்தவர் பின்னர் டேங்க் மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்வர்.

டேங்க்குக்கு மருந்து இரண்டு. சலவை சோடா கரைத்த தண்ணீரில் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பிக்கும் நெகட்டிவை டேங்க்குக்கும் கொடுத்தல் ஒன்று. கம்பி டேங்க்கைத் தொடாமல் இருப்பதும், வேலை திறந்தவெளியில் நடப்பதும், அதற்கு முன் டேங்க்கில் பெட்ரோலின் வாசனை கூட இல்லாமல் கழுவியிருப்பதும் கட்டாயம்; ஏனெனில் அப்போது எழும் வாயு ஹைட்ரஜன். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு ஒரு பங்கும் தண்ணீர் ஒன்பது பங்கும் கலந்து வாரக்கணக்கில் ஊறவைத்தல் மற்றொன்று. முன்னது விரைவானது; பின்னது மெதுவானது, எறும்புகளும் வரும். தின்துரு பிடித்த டேங்க்கில் இரண்டும் வெற்றி பெறும். துரு முழுதும் நீங்கியபின் டேங்க் ஒழுகும். அதுவரை ஒழுகாமல் காத்தது துருவே.

கழற்றல் இயல்

நட்டும் போல்ட்டும் மரையால் வேறுபடும். ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த மரைக்குக் கோணம் 55 பாகை. பிரிட்டிஷ் சைக்கிள் மரைக்கு 60 பாகை. பெரும்பாலான அளவுகளில் அங்குலத்துக்கு 26 சுற்று. மெட்ரிக் மரைக்கும் கோணம் 60 பாகையே, ஆனால் அளவு மில்லிமீட்டரில். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரைகள் பலவும் கலந்திருக்கின்றன. இடையில் வண்டியைத் தொட்ட மெக்கானிக்குகள் மெட்ரிக்கையும் சேர்த்திருப்பர். ஒரு நட்டு ஒரு போல்ட்டில் ஒன்றரைச் சுற்று ஏறி நின்றுவிட்டால், அது துரு அன்று. இரண்டு மரபுகள் சந்தித்த இடம்.

நட்டின் மறுமொழி நான்கு. திரும்புதல், போல்ட்டோடு சேர்ந்து திரும்புதல், தலை மழுங்குதல், முறிதல். முதலாவதை எதிர்பார்த்துத் தொடங்குவதும் நான்காவதற்கு ஆயத்தமாக இருப்பதும் கழற்றுவோரின் ஒழுக்கம். டீசல் தடவிவிட்டு மறுநாள் வருதல் நான்காவதைத் தவிர்க்கும் சிறந்த வழி. மறுநாள் என்பது இங்கே குறைந்த அளவு. இறுகிய சைலன்சர் நட்டுகளுக்கு ஒரு வாரமும் மிகையன்று. சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதும், டூல் பாக்ஸில் பல்லி முட்டையிட்டிருப்பதும், இருக்கையின் பஞ்சை எலி கொண்டு சென்றிருப்பதும் இக்கட்டத்திலேயே தெரியவரும். இவற்றுள் பல்லி முட்டைக்கு மட்டும் காத்திருத்தல் வழக்கம்.

கழற்றியவற்றைச் சேமிக்கும் கலம் பற்றி இரு கொள்கைகள் உண்டு. அனைத்தையும் ஒரே எவர்சில்வர் பேசினில் மண்ணெண்ணெயில் இடுவது ஒரு கொள்கை. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி டப்பாவில் இட்டுப் பெயர் எழுதுவது மற்றொன்று. முன்னதில் எதுவும் தொலைவதில்லை, ஆனால் எது எதற்கு என்று தெரிவதில்லை. பின்னதில் எல்லாம் தெரியும். ஒரு டப்பா மட்டும் தொலையும்.

பூட்டி முடித்தபின் கையில் நட்டு எஞ்சுவதுண்டு. எஞ்சுநட்டு இருவகை: வண்டிக்கு உரியது, வண்டிக்கு உரியதல்லாதது. இரண்டையும் வேறுபடுத்த ஒரே வழி வண்டியை ஓட்டிப் பார்ப்பது.

உயிர்ப்பித்தல் இயல்

எஞ்சின் எந்த நிலையில் நின்றது என்பது அதன் பிற்கால வாழ்வைத் தீர்மானிக்கிறது. நிற்கும்போது வால்வு இரண்டும் மூடியிருந்தால் சிலிண்டர் ஒரு மூடிய பானை. ஒன்று திறந்திருந்தாலும் மழைக்காலக் காற்று உள்ளே போய்வரும். வார்ப்பிரும்புச் சிலிண்டரும் பிஸ்டன் ரிங்கும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஓட்டியவர் கடைசி நாளில் சாவியைத் திருப்பிய அந்தக் கணத்தில் வால்வு எங்கே இருந்தது என்பதை எவரும் கவனித்ததில்லை. பத்தாண்டின் விளைவு அதில் அடங்கியிருந்தது.

ஜாம் ஆன பிஸ்டனுக்கு வன்மை உதவாது. கிக்கரின் மேல் ஏறிக் குதித்தவர்கள் கிக்கரின் பல்லை இழந்தார்கள். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, நாள்தோறும் டாப் கியரில் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். அசையாத நாள்களில் அசைத்ததும் கணக்கில் சேரும். ஒரு நாள் சக்கரம் மயிரிழை நகரும். அந்நாளைச் சுவரில் கரியால் குறித்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. குறிக்கத்தக்க நாளே அது.

எண்ணெய் பற்றி ஓர் எச்சரிக்கை. இவ்வெஞ்சினின் எண்ணெய் அறை கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. நெடுநாள் நின்றால் எண்ணெய், பம்பைக் கடந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அளவுக்கம்பியைப் பார்ப்பவர் எண்ணெய் இல்லை என்று மேலும் ஊற்றுவர். எண்ணெய் இருக்கிறது, இடம் மாறியிருக்கிறது. அடி போல்ட்டைக் கழற்றி முழுவதையும் வடித்த பிறகே புதியதை ஊற்ற வேண்டும்.

இக்னிஷனின் பாயிண்ட் முனைகளில் படிந்த ஆக்சைடை நுண்ணிய உப்புத்தாளால் நீக்கி, இடைவெளியை 0.4 மி.மீ. அளவுக்கு வைக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் விசிட்டிங் கார்டு அப்பணியைச் செய்யும். யாருடைய கார்டு என்பதில் விதி இல்லை. எனினும் தடித்த அட்டையில் அச்சிட்ட கார்டு டைமிங்கைக் கெடுக்கும்.

வடு இயல்

சென்னையில் உதிரிபாகம் தேடுவோர் புதிதுக்கு ஜி.பி. ரோடுக்கும், பழையதுக்குப் புதுப்பேட்டைக்கும் போவர். அங்கே 'ஒரிஜினல்' என்னும் சொல் மூன்று பொருளில் வழங்குகிறது. ஆலையிலிருந்து வந்தது 'ஒரிஜினல்'. ஆலையிலிருந்து வராதது, ஆனால் வந்ததைப் போன்றது 'ஒரிஜினல் மாதிரி'. இரண்டும் இல்லாதபோது கிடைப்பது 'ஒரிஜினலை விட ஸ்ட்ராங்கு'. விலை இறங்குவரிசையிலும் விற்பவரின் உறுதி ஏறுவரிசையிலும் அமையும்.

எது ஒரிஜினல் என்னும் கேள்வியைச் சட்டமும் கேட்கிறது. 2021இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, சட்டகத்திலும் எஞ்சினிலும் பெருமாற்றம் இன்றிப் பிறந்த வடிவிலேயே பேணப்பட்ட இருசக்கர, நான்குசக்கர வாகனம் 'விண்டேஜ்' ஆகும். அதன் பதிவெண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 49 ஆண்டு நிரம்பிய வண்டி, சட்டத்தின் கண்ணில் பழைய வண்டி மட்டுமே. ஐம்பதுக்குக் காத்திருப்போர் அந்த ஓராண்டில் எதையும் மாற்றாமல் இருப்பதே அறிவுடைமை. அதற்கு மிக எளிய வழி வண்டியை நிறுத்தி வைப்பது.

பிறந்த வடிவம் எது என்பதில் தெளிவு வேண்டும். அழுக்கு, தடயம், வடு மூன்றும் வேறு. அழுக்கு கழுவப்பட வேண்டியது. தடயம் பாதுகாக்கப்பட வேண்டியது: டேங்க்கின் ஓரத்தில் ஆலையில் கையால் தூரிகை கொண்டு இழுத்த பொன்னிறக் கோடு மங்கியிருந்தால், அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது மீட்பு ஆகாது. வடு என்பது வண்டிக்குப் பிறகு வந்தது, ஆயினும் வண்டியோடு சேர்ந்துவிட்டது. ஓட்டியவரின் முழங்கால் ஆண்டுக்கணக்கில் உரசி டேங்க்கில் பெயின்ட் தேய்ந்த இடம். வலப்பக்க ஃபுட்ரெஸ்ட்டின் ரப்பர் அவர் குதிகாலின் வடிவில் குழிந்திருப்பது. முன் மட்கார்டில் ஒரு நசுங்கல். அந்நசுங்கலை டிங்கர் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவார். அது எப்படி வந்தது என்று சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்வரை எடுக்கலாம். அவர் இல்லாதபோது எடுக்கலாகாது. இவ்விதிக்கு விலக்கு இல்லை.

கிளப்பல் இயல்

கிளப்புதல் ஆறு படி. பெட்ரோல் டேப்பைத் திறத்தல், சோக்கைத் தூக்குதல், சாவியைத் திருப்புதல், கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஹெட்லைட் கூட்டின் மேலுள்ள கரண்ட் மீட்டரைப் பார்த்தல், முள் இடப்புறம் சாய்ந்து மீண்டும் நடுவுக்கு வந்த இடத்தில் டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்துக் கிக்கரைச் சற்றே கீழே இறக்குதல், லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுக்காலோடு ஒரே உதை. முள் சாய்வது பாயிண்ட் மூடியிருப்பதையும், நடுவுக்கு வருவது திறந்ததையும் காட்டும். நான்காம் படியைத் தவிர்ப்பவர்க்குக் கிக்கர் திருப்பி அடித்து அதை நினைவூட்டும்.

முதல் உதைக்குக் கிளம்பும் வண்டி இல்லை. உதைகளின் எண்ணிக்கை கூடக்கூடச் சுற்றி நிற்போர் கூடுவர். பத்தாவது உதையில் பக்கத்து வீட்டுக்காரர், "பிளக்கக் கழட்டிப் பாத்தீங்களா?" என்பார். பிளக் கழற்றிப் பார்க்கப்பட்டிருக்கும். ஆயினும் மீண்டும் கழற்றிப் பார்ப்பதே மரியாதை. பிறகு ஒரு புகை, ஒரு தும்மல். அதன்பின் மூன்று துடிப்புக்கு இடையில் ஒரு மனிதன் மூச்சு விடலாம் என்னும் அளவுக்கு நிதானமான அந்த ஓசை. வீட்டின் உள்ளறையில் இருப்பவர் அதைக் கேட்டு எழுந்து வாசலுக்கு வருவார். யார் ஓட்டிய வண்டியோ அவரே வந்துவிட்டதாக ஒரு கணம் எண்ணி வருவதுண்டு. மீட்பின் பயன் இதில் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது, எஞ்சியவை பராமரிப்பு.

முதல் பயணம் பெட்ரோல் பங்க்குக்கே. விண்டேஜ் வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட விடாத விதிகளும், கண்காட்சி, பேரணி, பராமரிப்பு ஆகியவற்றோடு எரிபொருள் நிரப்பச் செல்வதை அனுமதிக்கின்றன. மரபும் சட்டமும் ஒருமிக்கும் இடம் இது.

பங்க்கிலிருந்து திரும்பியவர் வண்டியை வாசலில் சைடு ஸ்டாண்டு போட்டு, வீட்டுக்குள் நோக்கி, "வண்டிய நிறுத்திட்டு வரேன்" என்கிறார். நிற்றல் இயலில் கூறாத ஐந்தாம் வகை இதுவே. மற்ற நான்கிலும் இல்லாத 'வா' என்னும் வினை இதில் இருக்கிறது. வண்டியை முதல் நான்கிலிருந்து இவ்வைந்தாவதற்குக் கொண்டுவருவதே மீட்பு. பெயின்ட், பாலிஷ், பதிவெண் ஆகியவை அதற்குத் துணை.

ஐந்தாம் வகையில் நிற்கும் வண்டியின் இருக்கை வெறுமையாக இருக்கும். அதன் மேல் மடித்த சாக்கு ஒன்றை யாரேனும் ஒரு நிமிடம் வைத்தால், அந்த நிமிடத்திலேயே அதை எடுத்துவிட வேண்டும்.